முப்பத்தைந்தில் ஒரு பங்கு

சென்ற ஆண்டு மூன்று மாதங்கள் நான் ஒரு மஞ்சள் பட்டையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். ஜப்பானியத் தரைப்படையின் 97 வகை நடுத்தர டாங்கி, சி-ஹா என்பார்கள். அதன் உடம்பில் காக்கி, பழுப்பு, பச்சை என்று மூன்று நிறங்கள் திட்டுத்திட்டாக இருக்கும். போரின் தொடக்கத்தில் இவற்றுக்குக் குறுக்கே ஒழுங்கில்லாத மஞ்சள் பட்டை ஒன்றும் ஓடும். 1942 ஜனவரியில் பேராக் மாநிலத்தின் வழியாக இறங்கிவந்த டாங்கிகளில் அந்தப் பட்டை இருந்ததா? இருந்தது என்றால் அது எலுமிச்சை மஞ்சளா, கடுகு மஞ்சளா? செம்மண் படிந்த பிறகு எவ்வளவு தெரிந்திருக்கும்?

வேலையற்றவன் கேட்கும் கேள்வி மாதிரித்தான் இருக்கும். எனக்கு வேலை இருக்கிறது. ஷா ஆலமில் ஒரு பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிற்சாலையில் பொறியாளர். பகல் முழுக்க வெர்னியர் காலிப்பரோடு மூடிகளையும் கிளிப்புகளையும் அளந்துகொண்டிருப்பேன். இரவு வீட்டுக்கு வந்து மறுபடியும் பிளாஸ்டிக் பாகங்கள். "ஆபீஸ் வேலையவே வீட்லயும் செய்ற, சம்பளம் மட்டுந்தான் இல்ல" என்பார் அம்மா.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டிக்குள் சட்டம் சட்டமாகப் பாகங்கள் வரும். வெட்டி எடுத்து, அரம் போட்டு, ஒட்டி, பிறகு பெயின்ட் அடிக்க வேண்டும். என்னுடையது தமியா நிறுவனத்தின் 1/35 அளவு மாதிரி. அதாவது முப்பத்தைந்தில் ஒரு பங்கு. இந்த விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1960-களின் தொடக்கத்தில் தமியா ஒரு ஜெர்மன் பேந்தர் டாங்கியை மோட்டார் வைத்து ஓடும் மாதிரியாகச் செய்தது. மோட்டாரும் பேட்டரியும் உள்ளே கொள்ள வேண்டும். அதற்கு ஏற்றபடி உடம்பைச் செய்து முடித்துக் கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 35-இல் ஒன்று வந்தது. அதையே மற்ற நிறுவனங்களும் பிடித்துக்கொண்டன. இன்று உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் இந்த அளவுக்குள்தான் தங்கள் துல்லியத்தைத் தேடுகிறார்கள். அடித்தளத்தில் இருப்பது ஒரு பேட்டரி.

ஒட்டுவது ஒரு வாரத்தில் முடிந்துவிடும். அச்சு திறக்கும்போது பாகத்தைத் தள்ளிவிடும் ஊசி ஒரு வட்டத் தழும்பை விட்டுவிடும். அதைப் புட்டி வைத்து நிரவுவதில் எனக்கு ஒரு தனி இன்பம். தொழிற்சாலையில் நான் திட்டு வாங்குவது அந்தத் தழும்புகளுக்காகத்தான். டாங்கியின் தலையைச் சுற்றி ஒரு கைப்பிடிக் கம்பி மாதிரி ஓடும். அது கைப்பிடி இல்லை, வானொலி ஆன்டனா. கிட்டில் வருவது தடிமனாக இருக்கிறதென்று பித்தளைக் கம்பியை வளைத்து நானே செய்தேன். மூன்று முறை வீணானது.

பெயின்ட்தான் தவம். முதலில் பிரைமர். பிறகு ஏர்பிரஷில் மெல்லிய படலம் படலமாகக் காக்கி எக்ஸ்எஃப்-49, பழுப்பு எக்ஸ்எஃப்-64, பச்சை எக்ஸ்எஃப்-13. டப்பாவில் இருக்கும் நிறத்தை அப்படியே அடித்தாலும் தவறு. சின்னப் பொருளின் மேல் அடர்நிறம் இன்னும் அடர்த்தியாகத் தெரியும் என்பதால் கொஞ்சம் வெளுக்க வேண்டும். பெயின்ட் உரிந்த இடங்களுக்கு ஒரு தந்திரம் இருக்கிறது. முடிக்கு அடிக்கும் ஹேர் ஸ்பிரேயை முதலில் அடித்து, அதன்மேல் பெயின்ட் அடித்து, காய்ந்ததும் ஈரத் தூரிகையால் தேய்த்தால் நிஜமாகவே உரிந்ததுபோல் வரும். தங்கச்சியின் ஹேர் ஸ்பிரே அப்படித்தான் தீர்ந்தது.

நிறத்துக்கு ஆதாரம் என்று பார்த்தால் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். அந்தக் காலத்து ஃபிலிம் வகைகளில் ஒன்று சிவப்பை உணராது. சிவப்பு அதில் கறுப்பாக விழும். ஆகவே ஒரு சாம்பல் திட்டைக் காட்டி இது பழுப்பா பச்சையா என்று சத்தியம் செய்ய முடியாது. இதை வைத்துக்கொண்டு வளர்ந்த ஆண்கள் இரவு இரண்டு மணிவரை சண்டை போடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன்.

எங்களில் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை ஒரு கடையின் மாடியில் கூடுவோம். அங்கே எனக்கு நெருக்கமான ஒரு சீன நண்பன், ஜெர்மன் டாங்கிகளில் கில்லாடி. டைகர், பேந்தர் என்று அலமாரி நிறைய வைத்திருக்கிறான். என் சி-ஹாவை எடுத்துப் பார்த்தான். ஆன்டனாவைப் பாராட்டினான். பிறகு சீக்கிரமே கீழே வைத்துவிட்டான். அவன் அம்மாவின் குடும்பம் சிங்கப்பூர். 1942 பிப்ரவரியில் சூக் சிங் என்ற பெயரில் சீன ஆண்களை வரிசையில் நிறுத்தி வடிகட்டினார்களே, அதில் அவன் தாத்தாவின் அண்ணன் போனவர் வரவில்லை. "நல்லா செஞ்சிருக்க. ஆனா இத என் வீட்ல வைக்க முடியாது" என்றான், மலாயும் ஆங்கிலமும் கலந்து.

"அப்ப டைகர் மட்டும் பரவாயில்லையா?"

கொஞ்சம் யோசித்தான். "அது வேற யாரோட தாத்தாவோ லா" என்றான்.

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் எங்கள் பொழுதுபோக்கின் மொத்த ஒழுக்கவியலும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. தூரம் போதுமான அளவு இருந்தால் கொலைக்கருவி அழகான பொருளாகிவிடுகிறது. எவ்வளவு தூரம் போதும் என்பதை யார் அளப்பது?

எனக்கும் அந்தத் தூரம் ஒரே மாதிரி இல்லை. அப்பா வழித் தாத்தாவின் அண்ணன் ஐ.என்.ஏ.-வில் சேர்ந்தவர். சீருடையில் இருக்கும் அவர் படத்துக்கு எங்கள் வீட்டில் இன்றும் பூ வைக்கிறோம். ஜப்பானியர்களிடம் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களைக்கொண்டு மோகன் சிங் தொடங்கி, 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் ஏற்று நடத்திய படை அது. அம்மா வழியிலோ, பாட்டியின் அண்ணன் சயாம் ரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்டவர். ஆக, எங்கள் வீட்டில் "ஜப்பான்காரன்" என்ற சொல்லுக்கு இரண்டு ராகம் உண்டு. தீபாவளிக்கு எல்லாரும் கூடும்போது அந்தப் பேச்சை யாரும் எடுக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் அன்று நான் யோசிக்கவில்லை. என் கவலை சேறு. டாங்கியை ஒரு சின்னப் பீடத்தின்மேல், சாலையோரக் காட்சியாக வைக்கத் திட்டம். எந்தச் சாலை என்று தேடியபோதுதான் சிலிம் ரிவருக்கு வந்து சேர்ந்தேன்.

1942 ஜனவரி 7, விடியுமுன். கம்பாரிலிருந்து பின்வாங்கிய 11-ஆவது இந்திய டிவிஷன் துரோலாக்குக்கும் சிலிம் ரிவருக்கும் இடையே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் சாலையில் தற்காத்து நிற்கிறது. பஞ்சாபிகள், ஐதராபாத் படையினர், கூர்க்காக்கள், ஸ்காட்லாந்து ஆர்கைல் படையினர். வாரக்கணக்கில் தூக்கம் இல்லாதவர்கள். மலாயாவில் பிரிட்டிஷாரிடம் ஒரு டாங்கிகூட இல்லை. எதிர்ப்பக்கம் ஷிமாடா என்ற மேஜரின் கீழ் சுமார் 20 டாங்கிகள், பெரும்பாலும் சி-ஹா. நிலா வெளிச்சத்தில் சாலை வழியாகவே நேராக வந்தன. தடைகளை அகற்றிக்கொண்டு ஒவ்வொரு படையாக ஊடுருவின. சாலையில் அணிவகுத்து நடந்துகொண்டிருந்த கூர்க்கா பட்டாலியன் ஒன்றைப் பின்னாலிருந்து பிடித்தன. சிலிம் பாலத்தைத் தகர்க்க வைத்திருந்த வெடிகளின் ஒயரை வதனாபே என்ற இளம் அதிகாரி டாங்கியிலிருந்து இறங்கி வாளால் வெட்டினார் என்று போர் நூல்கள் சொல்கின்றன. அன்று காலைக்குள் இரண்டு பிரிகேடுகள் சிதறிப்போயின. நான்கு நாளில் கோலாலம்பூர் விழுந்தது.

இதைப் படித்ததும் எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்கிறேன். 'அருமையான காட்சி' என்று தோன்றியது. நிலா, ரப்பர் மரங்கள், செம்மண் சாலை.

செம்மண்ணுக்குக் கடையில் பொடி விற்கிறார்கள். ஆனால் அசல் மண்ணைச் சலித்துப் போட்டால் அதன் அழகே தனி. ஆகவே ஒரு சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வடக்கே போனேன். நெடுஞ்சாலையை விட்டு இறங்கிப் பழைய சாலையில் துரோலாக். ரப்பரை விடச் செம்பனைதான் அதிகம் கண்ணில் பட்டது. சாலையோரமாக நிறுத்தி, ஒரு மைலோ டின்னில் மண் அள்ளிக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் நிறுத்தி, "என்ன தம்பி, கோயிலுக்கா?" என்றார். பிடிமண் எடுக்கிறேன் என்று நினைத்துவிட்டார். இல்லை, ஒரு பொம்மைக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் டின்னோடு கொஞ்ச நேரம் நின்றேன். பொய் சொன்னது உறுத்தவில்லை. அவர் நினைத்த காரணம் என்னுடையதைவிட அந்த மண்ணுக்குப் பொருத்தமாக இருந்ததுதான் உறுத்தியது.

திரும்பும் வழியில் ரவாங்கில் மாமா வீடு. அங்கேதான் பாட்டி இருக்கிறார், எண்பத்தெட்டு வயது. டின்னைப் பார்த்து எங்கே போய் வந்தாய் என்று கேட்டார். துரோலாக் என்றதும், "அங்க எதுக்குடா போன?" என்றார். குரல் மாறியிருந்தது. பாட்டி தஞ்சோங் மாலிம் பக்கம் ஏதோ ஒரு தோட்டத்தில் பிறந்தவர் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன் அவர்கள் இருந்தது சிலிம் ரிவருக்குப் பக்கத்துத் தோட்டம் என்று அன்றுதான் தெரிந்தது. இருபத்தெட்டு வருஷமாக நான் கேட்டதில்லை.

கைப்பேசியில் டாங்கியின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அழகா இருக்கே. நீயா செஞ்ச?"

"ஆமா பாட்டி. இந்தக் கலர்லதான் இருந்துச்சா? இந்த மஞ்சக் கோடு இருந்துச்சா?"

"ராத்திரியில கலரு எங்கடா தெரியும்."

அவ்வளவுதான் பதில். மூன்று மாதம் நான் தேடியது, அங்கே இருந்தவர்களுக்கு இல்லாத ஒன்று. பிறகு அவராகவே பேசினார். சண்டை வருகிறதென்று லயத்தை விட்டு எல்லாரும் ரப்பர் காட்டுக்குள் ஒரு பள்ளத்தில் படுத்துக்கொண்டார்கள். அவருக்கு ஐந்து வயது. சாலைப் பக்கமிருந்து இரும்பு அரைபடுகிற சத்தம். தரை அதிர்ந்தது வயிற்றில் தெரிந்தது. கைக்குழந்தையின் வாயை அம்மா முந்தானையால் பொத்திக்கொண்டார். விடிந்த பிறகு புகை வாசனை. "சாலைக்குப் போகக் கூடாதுன்னாங்க. அண்ணன் மட்டும் போய்ப் பாத்துட்டு வந்துச்சு. வந்து ரெண்டு நாளு சோறு திங்கல."

அண்ணன் என்ன பார்த்தார் என்று பாட்டிக்குத் தெரியாது. அவர் சொல்லவே இல்லையாம். அடுத்த ஆண்டு அவரைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் ரயில் பாதை. அத்தோடு சரி.

எங்கள் தொழிலில் ஒரு வரைபடம் வந்தால் நான் முதலில் பார்ப்பது விலக்கு அளவைத்தான். 12 மில்லிமீட்டர், கூடவோ குறையவோ 0.05 என்று போட்டிருக்கும். அந்த 0.05 வானத்திலிருந்து வருவதில்லை. இந்த மூடி எந்தப் புட்டியில் உட்கார வேண்டும் என்பதிலிருந்து வருகிறது. எதோடு பொருந்த வேண்டும் என்று தெரியாவிட்டால் துல்லியம் என்ற சொல்லுக்கே பொருளில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொடுத்துவிட்டார்கள். என் டாங்கியின் மஞ்சள் பட்டை எதோடு பொருந்த வேண்டும் என்று மட்டும் நான் கேட்டுக்கொண்டதே இல்லை. ஒரு புகைப்படத்தோடு. அதை எடுத்த கேமரா யாருடையது? படமெடுக்கும் அளவுக்கு நிதானமாக டாங்கியைப் பார்க்க முடிந்தவன் எந்தப் பக்கம் நின்றிருப்பான்?

இன்னொன்றும் இருக்கிறது. மாதிரிகளை நாம் மேலிருந்து பார்க்கிறோம். மேசைமேல் வைத்து, குனிந்து, திருப்பித் திருப்பி. போர்த்திட்டம் போடும் தளபதி மணல்மேசையைப் பார்க்கும் கோணம் அது. பள்ளத்தில் கிடந்தவர்களுக்கு டாங்கியே தெரியவில்லை, சத்தமும் அதிர்வும்தான். அதை எந்தக் கிட்டிலும் போட்டுத் தர முடியாது.

இங்கே எனக்குக் கலிங்கத்துப்பரணி ஞாபகம் வருகிறது. ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனைப் பாடுவது பரணி என்பது இலக்கணம். சயங்கொண்டார் குலோத்துங்கனின் வெற்றியைப் புகழத்தான் எழுதினார்; அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் அந்தப் புகழ்ப்பாட்டுக்குள் பேய்கள் களத்துக்கு வந்துவிடுகின்றன. பிணங்களை எடுத்து, இரத்தத்தை உலையாக வைத்து, கூழ் காய்ச்சிப் பரிமாறிக் குடிக்கின்றன. வெற்றியைக் கொண்டாடும் கவிஞரால்கூடச் செத்த உடல்களை மேடையிலிருந்து அகற்ற முடியவில்லை, அல்லது அகற்ற விரும்பவில்லை. பசி, சோறு, உடம்பு எல்லாம் அங்கே இருக்கிறது. எங்கள் மாதிரிகளில் பெயின்ட் உரிந்திருக்கும், துரு இருக்கும், சேறு இருக்கும், புகைபோக்கியில் கரி இருக்கும். இரத்தம் இருக்காது. யாராவது வைத்தால் 'ரசனைக் குறைவு' என்போம். சக்கரச் சங்கிலியில் சேறு எவ்வளவு ஒட்டும் என்று இவ்வளவு அக்கறையாகப் பேசுகிற நாங்கள், அந்தச் சங்கிலி எதன்மேல் ஏறியது என்று வரும்போது நாகரிகமாக வாயை மூடிக்கொள்கிறோம். இந்த நாகரிகத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

இதற்காக டாங்கியைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அது எளிது; அதனால் யாருக்கும் ஒன்றும் இல்லை. அந்தக் கருவியைச் செய்தவனும் என்னைப்போல் ஒரு பொறியாளன்தான். மேசையில் குனிந்து, காற்றால் குளிரும் டீசல் என்ஜினை அந்தச் சின்ன உடம்புக்குள் எப்படி அடக்குவது என்று யோசித்தவன். அவன் கெட்டிக்காரத்தனம் எனக்குப் புரிகிறது. புரிவதை மறைக்கவும் முடியாது. போதாததற்கு, சேற்றின் நிறம் சரியாக வர வேண்டும் என்ற பைத்தியம் இல்லையென்றால் நான் துரோலாக் போயிருக்க மாட்டேன், பாட்டியிடமும் கேட்டிருக்க மாட்டேன். இதை என் பொழுதுபோக்குக்குச் சாதகமான வாதமாகச் சொல்லவில்லை. கொஞ்சம் வெட்கமான உண்மை. பேரன் பாட்டியிடம் போய்ச் சேர ஒரு ஜப்பான் டாங்கி தேவைப்பட்டிருக்கிறது.

எது எதற்குக் கணக்கு வைத்திருக்கிறோம் என்றும் பார்க்கிறேன். சி-ஹாவின் பீரங்கி 57 மில்லிமீட்டர், ஆட்கள் நால்வர், எடை ஏறத்தாழ 15 டன் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தைப்பிங் போர்க் கல்லறையில் இரண்டாம் உலகப்போரில் செத்த எண்ணூற்றுக்கும் மேற்பட்ட வீரர்கள் கிடக்கிறார்கள். அவர்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பெயர் தெரியாது. அவர்களுக்காவது கல் இருக்கிறது. டாங்கியின் ஆணிகளை எண்ணிப் புத்தகம் போட்டிருக்கிறார்கள்.

பீடம் இன்னும் முடியவில்லை. சாலையைப் போட்டாகிவிட்டது, மண்ணைச் சலித்து ஒட்டிவிட்டேன். ரப்பர் மரங்களுக்குக் கம்பியை முறுக்கி வைத்திருக்கிறேன். கடையில் 1/35 அளவில் ஜெர்மன், அமெரிக்க, ஜப்பானியச் சிப்பாய்கள் எல்லாம் கிடைப்பார்கள். தோட்டத்து ஆள் கிடைக்க மாட்டான். புட்டியில் நானே பிடிக்க வேண்டும். பாட்டியிடம் சொன்னபோது, "எங்களை எங்க வைப்ப? நாங்கதான் ஒளிஞ்சுகிட்டோமே, தெரிய மாட்டோமே" என்றார். அது சரிதான். துல்லியமாகச் செய்தால் அந்தக் காட்சியில் எங்கள் குடும்பம் இருக்காது.

விடிந்த பிறகு சாலைக்குப் போன ஒருவர் மட்டும் தெரிவார். அவருடைய படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. அண்ணன் எவ்வளவு உயரம் என்று பாட்டியிடம் கேட்டேன். நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். கையை இன்னும் கொஞ்சம் ஏற்றினார். பிறகு இறக்கினார். ஆறேழு வயதில் கடைசியாகப் பார்த்தவர். அந்த வயதில் எல்லா அண்ணன்களும் உயரம்தான். பாட்டி உட்கார்ந்த பிறகு நிலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, டேப் பிடித்து அளந்தேன். 165 சென்டிமீட்டர். கூடவோ குறையவோ எவ்வளவு என்று போடத் தெரியவில்லை. முப்பத்தைந்தால் வகுத்தால் 47 மில்லிமீட்டர்.